ஈமுவின் சினைப்பை சுருங்கியது நோயா, பருவமா?

கேள்வி: ஐயா, உசிலம்பட்டி அருகே ஆறு ஈமுக்கள் வளர்க்கிறேன். மாசிக்குப் பிறகு எந்தப் பெட்டையும் முட்டையிடவில்லை. சித்திரை வெயிலில் ஒரு பெட்டை இறந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது சினைப்பை இடப்பக்கம் மட்டுமே இருந்தது. அதில் கடுகு, மிளகு அளவிலான குமிழ்களும் சில பழுப்புச் சுருக்கங்களும்தான் இருந்தன. மஞ்சள் கரு இல்லை. ஃப்ரீசரில் வைத்து மறுநாள் ஆய்வகத்தில் கொடுத்தேன்; பார்க்க இயலாது என்றார்கள். மருந்துக் கடைக்காரர் மற்றப் பெட்டைகளுக்கு ஹார்மோன் ஊசி போடச் சொல்கிறார். இது பரவும் நோயா?

பதில்: தாங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நோயாகத் தோன்றவில்லை. கோழியைப் போலவே ஈமுவிலும் நெருப்புக்கோழியிலும் இடப்பக்கச் சினைப்பைதான் வளரும். பறக்காத பறவைகளுள் கிவிக்கு மட்டுமே இரு பக்கமும் உண்டு. ஈமு பகல் குறுகும் காலத்தில் முட்டையிடும் பறவை என்பதால், மாசிக்குப் பின் சினைப்பை சுருங்குவது இயல்பு. குமிழ் என்பது கருமுட்டை வளரும் சிறு பை. பழுப்புச் சுருக்கங்கள் வளர்ச்சி நின்றுபோன குமிழ்களாக இருக்கலாம். அவற்றின் மஞ்சள் கருவை உடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

'இருக்கலாம்' என்பதோடு நான் நிற்க வேண்டியிருப்பதற்குக் காரணம் அந்த ஃப்ரீசர். திசு உறையும்போது உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழித்துவிடுகின்றன. குமிழின் சுவரில் கருமுட்டையை ஒட்டி கிரானுலோசா அடுக்கும், அதற்கு வெளியே இரத்தக்குழாய்கள் நிறைந்த தீக்கா அடுக்குகளும் உள்ளன. இயல்பாகச் சுருங்கிய குமிழையும் கிருமி தாக்கிய குமிழையும் பிரித்தறிய இந்த அடுக்குகள் சிதையாமல் இருக்க வேண்டும். அழற்சி அணுக்கள் புகுந்துள்ளனவா என்பதை நுண்ணோக்கியே காட்டும். ஆகவே பறவை வளர்ப்பவர் ஒவ்வொருவரும் திசுவைச் சிதையாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் ஒரு பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதை நான் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறேன். கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து, இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்த திசுவை அரை சென்டிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக்கி, திசுவைப் போலப் பத்து மடங்கு கரைசலில் போட வேண்டும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நம் மதுரை வெயிலில் காலையில் இறந்த பறவையை மாலையில் திறப்பது வீண். அதற்குள் திசு தானாகவே சிதையத் தொடங்கியிருக்கும்.

ஹார்மோன் ஊசி வேண்டவே வேண்டாம். மஞ்சள் கருவுக்குரிய புரதமும் கொழுப்பும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரலில் உருவாகி, இரத்தத்தின் வழியே குமிழை அடைகின்றன. பருவமில்லாத காலத்தில் அந்தத் தூண்டுதலை ஊசியால் திணித்தால் கல்லீரலில் கொழுப்பு சேருமே தவிர, முட்டைக்கு உத்தரவாதமில்லை. பறவையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி சொல்பவர் மருத்துவர் அல்லர், வியாபாரி. 2012-இல் ஈமு நிறுவனங்களின் வாக்குறுதிகளை நம்பிப் பணத்தை இழந்த நம் விவசாயிகள் இன்னொரு வாக்குறுதிக்கு விலை கொடுக்கக் கூடாது.

தாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, வைகாசி முதல் புரட்டாசி வரை என்ன தீவனம் கொடுப்பது என்பதே. முட்டையிடும் பருவத்தில் ஈமு குறைவாகவே உண்ணும். முன்பே சேர்த்த கொழுப்பைக் கொண்டுதான் அது காலம் தள்ளுகிறது. முட்டை நின்றதும் தீவனத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பவர்களின் பண்ணையில் அடுத்த பருவத்துக் குமிழ்கள் வளர வழியில்லை. பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே சுண்ணாம்புச் சத்து மிகுந்த இனப்பெருக்கத் தீவனத்துக்கு மாற்றிவிடுங்கள். இறந்த பெட்டையின் வயிற்றில் கொழுப்பு எவ்வளவு இருந்தது என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. அதையும் இப்போது கொடுக்கும் தீவனத்தின் அளவையும் எழுதி அனுப்புங்கள்.