12 கட்டில்களில் தொடங்கிய வைத்தியசாலை: அடையாறு குறித்த கேள்வி பதில்

கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற கொழும்புக்காரர் ஒருவர், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வரலாறு பற்றிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

வெள்ளவத்தை வாசகி: ஐயா, எங்கள் உறவினர் சிலர் சிகிச்சைக்காக அடையாற்றுக்குச் சென்று வருகிறார்கள். அதனை ஆரம்பித்தவர் யார்?

வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன். சென்னை மாகாண சட்டசபையில் அமர்ந்த முதற் பெண்மணி என்றே பலர் அவரை அறிவர். அவருடைய தங்கை 1923 இல் புற்றுநோயால் இறந்தார். அந்த மரணம் விதைத்த எண்ணம் கட்டடமாவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன. 1952 ஒக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 இல் 12 கட்டில்களுடன் நிலையம் திறக்கப்பட்டது.

கொட்டாஞ்சேனை வாசகர்: அரசாங்கம் செய்யவேண்டிய பணியை ஒரு மாதர் சங்கம் ஏன் சுமந்தது?

அக்காலத்தில் புற்றுநோய் என்றாலே மரணம் என்று வைத்தியர்களே கருதியதால், காசநோய்க்கும் அம்மைக்கும் செலவிடும் பணத்தை இதற்கு ஒதுக்க ஆட்சியாளர் தயங்கினர். மும்பையில் டாட்டா நினைவு வைத்தியசாலை 1941 இலேயே திறக்கப்பட்டிருந்தபோதிலும், தென்னிந்தியாவில் இந்நோய்க்கெனத் தனி வைத்தியசாலை இருக்கவில்லை. எனவே இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியே பொதுமக்களிடம் பணம் திரட்டியது. வசதியற்றவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் வழக்கம் அங்கு இன்றும் தொடர்வதற்கு இந்தப் பிறப்பே காரணம் என்பது என் கருத்து.

தெஹிவளை மாணவர்: ‘கோபால்ட் இயந்திரம்’ வந்தபின்தான் அந்நிலையம் பெயர்பெற்றது என்கிறார்கள். அதில் அப்படி என்ன சிறப்பு?

இது எனக்குப் பிடித்த கேள்வி. சற்று நீளமாகப் பதில் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே சிகிச்சைக் கருவிகளின் கதிர்கள் வலுக்குறைந்தவை ஆதலால், தம் உச்ச அளவைத் தோலிலேயே இறக்கிவிடும். கருப்பைக் கழுத்தைப் போன்று உடலின் ஆழத்தில் இருக்கும் கட்டியை எட்டுவதற்குள் தோல் வெந்துவிடும். கோபால்ட் 60 என்ற கதிரியக்க உலோகம் வெளியிடும் காமாக் கதிரோ தோலுக்குச் சுமார் அரை சென்ரிமீற்றர் கீழேதான் உச்ச அளவை அடைகிறது என்பதால், தோலைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டே ஆழத்துக்குச் செல்ல முடிந்தது. 1957 இல் கனடாவின் அன்பளிப்பாக அத்தகைய கருவி அடையாற்றுக்கு வந்தது; ஆசியாவில் அதுவே முதலாவது என்று நிலையத்தார் குறிப்பிடுவர். ஆனால் கோபால்ட்டின் வீரியம் 5 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பாதியாகிவிடும். முதலாம் ஆண்டில் 2 நிமிடத்தில் முடியும் சிகிச்சைக்கு அப்போது 4 நிமிடம் தேவைப்படும், வெளியே வரிசையும் நீளும். இயந்திரம் இலவசமாக வந்தாலும், கதிர்மூலத்தை மாற்றவும், தடித்த கொங்கிறீற்று அறையைப் பராமரிக்கவும், அளவைக் கணிக்கும் பௌதிகவியலாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் நேர்கோட்டு முடுக்கிகள் பின்னர் வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பம்பலப்பிட்டி வாசகி: வைத்தியர் சாந்தாவின் பங்கு என்ன?

1955 இல் இணைந்தவர், 2021 ஜனவரியில் மறையும்வரை அங்கிருந்து விலகவில்லை. முத்துலட்சுமியின் மகனான வைத்தியர் கிருஷ்ணமூர்த்தியும் அவருமாகவே சிறுவர் விடுதி, ஆராய்ச்சி, உயர் பட்டப்படிப்பு என ஒவ்வொன்றாகச் சேர்த்து, அந்த 12 கட்டில்களை 500 இற்கும் மேலாக்கினர். 2005 இல் சாந்தாவுக்கு, ஆசியாவில் பொதுச்சேவைக்கு வழங்கப்படும் மக்சேசே விருது கிடைத்தது.

மஹரகம வாசகர்: நம் நாட்டில் பொதுமக்கள் இவ்வாறு எதையும் கட்டவில்லையா?

கட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊரின் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை அரசாங்கத்துடையதுதான். எனினும் உடலில் புற்றுநோய் இருக்கும் இடங்களைப் படமாகக் காட்டும் அதன் பெற் ஸ்கான் கருவிக்கு 20 கோடி ரூபாவுக்கும் மேல் திரண்டது பொதுமக்களிடமிருந்தே, அதுவும் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தந்தை முன்னின்ற முயற்சியால். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் சுமார் 670 கிலோமீற்றர் நடந்தவர்கள், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி சேர்த்தார்கள். 2016 இல் அதே பாதையை வடக்கிலிருந்து தெற்காக நடந்தது, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக.