தேன் எடுக்கும் இயந்திரம்: வாசகர் கேள்விகள்

ரப்பர் தோட்டத்தில் பத்துப் பெட்டி வைத்திருக்கிறேன். தேனீ அடை கட்டும் மரச்சட்டம் எத்தனை கொள்ளும் இயந்திரம் வாங்கலாம்? (குலசேகரம்)

இரண்டு சட்டம் போதும். பெட்டிகளைப் பெருக்கும் எண்ணம் இருந்தால் நான்கு. ரப்பர் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரை அடிக்கடி தேன் எடுக்க வேண்டியிருக்கும். அப்போதும் இது தாங்கும். என்னைக் கேட்டால், எத்தனை சட்டம் என்பதைவிட, சட்டங்களை வைத்துச் சுற்றும் கூண்டின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இத்தாலியத் தேனீயின் பெரிய சட்டத்துக்குச் செய்த கூண்டில், இந்தியத் தேனீ வளர்க்கும் நியூட்டன் பெட்டியின் சின்ன மேல் சட்டம் சரியாக உட்காராது. சுற்றும்போது சரிந்து அடை நொறுங்கிவிடும். கடைக்குப் போகும்போது உங்கள் சட்டம் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். அடை முழுவதும் கம்பிவலையில் சாய்ந்து நிற்க வேண்டும்.

நாகத்தகட்டில் செய்தது மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். தேனில் அமிலம் உண்டு, அது துத்தநாகப் பூச்சை அரிக்கும். அப்புறம் துரு. சாப்பிடுகிற தேனில் இதெல்லாம் கலக்கலாமா? 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகக் கேட்டு வாங்குங்கள். பல்சக்கரத்து எண்ணெய் உள்ளே சொட்டாமல் இருக்கிறதா, அடித்தட்டு குழாய்ப் பக்கம் சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுற்றும்போது அடை உடைகிறது. இயந்திரக் கோளாறா? (கூடலூர்)

பெரும்பாலும் சுற்றும் முறைதான் காரணம். சின்ன இயந்திரங்களில் அடையின் ஒரு பக்கம் வெளியே பார்த்து நிற்கும். அந்தப் பக்கத் தேன்தான் தெறிக்கும். உட்பக்கத் தேனின் பாரமோ அடையை வலையோடு அழுத்தும். எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றினால் அடை தாங்காது. மெதுவாகச் சுற்றி ஒரு பக்கத்தில் பாதித் தேனை எடுங்கள். சட்டத்தைத் திருப்பி, மறுபக்கத்தை முழுதாக எடுங்கள். பிறகு மறுபடி திருப்பி மீதியை எடுங்கள். எதிரெதிர்ச் சட்டங்கள் ஏறக்குறைய ஒரே எடையில் இருக்கட்டும். புது அடை இளசு, அதை இன்னும் பார்த்துச் சுற்றுங்கள். மலைக்குளிரில் தேன் கெட்டிப்படும். பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு சுற்றிவிடுவது நல்லது.

சைக்கிள் சக்கரக் கம்பிபோலச் சட்டங்கள் நிற்கும் வகையும் உண்டு. அதில் திருப்பும் வேலை இல்லை. ஆனால் பெரிய பீப்பாய் தேவைப்படும், விலையும் கூடும். சிறிய அளவில் செய்கிறவருக்கு அவசியமில்லை.

இவ்வளவு கவனம் எதற்கென்றால், உடையாத அடையைத் திருப்பி வைத்தால் தேனீக்கள் உடனே அதில் தேன் நிரப்பத் தொடங்கும். உடைந்தால் மெழுகு சுரந்து புதிதாகக் கட்ட வேண்டும். அந்த மெழுகுக்குச் செலவாவது உங்களுக்குக் கிடைக்க வேண்டிய தேன்தான்.

கொசுத்தேனீக்கு இது உதவுமா?

உதவாது. அது அடையில் அல்ல, சிறு குடங்களில் தேன் வைக்கும்.

இயந்திரத்தில் எடுத்த தேன் நுரைத்துப் புளிக்கிறது. ஏன்?

முதிராத தேனை எடுத்திருப்பீர்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே புளிக்கும் வாய்ப்பு உண்டு. ரப்பர் தேன் இயல்பாகவே நீர்த்தது. அறைகளில் முக்கால்வாசியாவது மெழுகால் மூடியபிறகு எடுங்கள். ஈர இயந்திரத்தில் சுற்றினாலும் இதே கதிதான். வேலை முடிந்ததும் முதலில் பச்சைத்தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் ஊற்றினால் மெழுகு உருகி வலையில் அப்பிக்கொள்ளும். கழுவியபின் நன்றாகக் காயவைத்து மூடி வையுங்கள்.