எம்.பி.ஏ. கடனுக்கு முன் ஒரு புத்தகக் கடைக் கணக்கு

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

வரலாற்றில் பட்டம் பெற்ற மகள் இணையத்தில் புத்தகம் விற்கப்போவதாகச் சொல்வதையும், சென்னையிலுள்ள தங்கள் மைத்துனர் எம்.பி.ஏ. சேர்த்தே தீரவேண்டும் என்று வற்புறுத்துவதையும், அதற்காக மூன்று மா நிலத்தை அடகு வைக்க நினைப்பதையும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதுதான், அடகு யோசனையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வேலைவாய்ப்பு முகாமைப் பெயருக்கு நடத்தும் கல்லூரியில், விருப்பமில்லாத பெண்ணைக் கடன் வாங்கிச் சேர்ப்பதால் கடன் ஒன்றே மிஞ்சும். வங்கித் தேர்வும் பி.எட்.டும் தாங்கள் அறிந்தவையே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மகள் ஏற்கெனவே வாட்ஸ்அப் வழியாகத் தோழியருக்குப் புத்தகம் வரவழைத்துக் கொடுக்கிறார் என்ற ஒற்றை வரியைத் தாங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். எல்லா நூல்களையும் விற்க முனைந்து பெரிய தளங்களோடு மோதினால் அவர் தோற்பார். சோழர் கோயில்கள், கல்வெட்டு, காவிரிப் பாசனம், இயற்கை வேளாண்மை என எல்லை வகுத்துக்கொண்டு, தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகால் நூலகமும் வெளியிட்ட நூல்களைத் தஞ்சைக்கே பேருந்தில் சென்று தேர்ந்தெடுத்து வருவது அவரால் முடியும்.

கணக்குக்கு வருவோம். 300 ரூபாய் நூலுக்குப் பதிப்பகம் 30 சதவீதம் கழிவு தருவதாகக் கொண்டால் கையில் 90 ரூபாய். வாசகருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி 30, அட்டைப்பெட்டியும் ஒட்டுநாடாவும் 10, இணையவழிப் பணம் பெறும் நிறுவனத்துக்கு இரண்டு சதவீதமும் அதன்மேல் வரியும் சுமார் 6 எனக் கழித்தால் 44 ரூபாய் தேறும். மாதம் 10,000 ரூபாய் வேண்டுமானால் ஏறத்தாழ 230 பிரதிகள் விற்றாக வேண்டும். தபால் செலவையும் தாமே ஏற்றால் அந்த எண்ணிக்கை இருமடங்காகிவிடும் என்பதால், ‘இலவச அனுப்புகை’ என்ற ஆசை ஆரம்பத்தில் கூடவே கூடாது. க்யூஆர் குறியீட்டின் வழியே யூபிஐயில் நேரடியாகப் பணம் பெற்றால் அந்த 6 ரூபாயும் மிஞ்சும்.

அஞ்சல் துறை 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென நடத்திவரும் ‘ஞான் போஸ்ட்’ சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியே செல்வதால் தாமதமாகும் என்பதை வாங்குவோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். விளம்பரம் தாங்கிய வணிக வெளியீடுகளுக்கு இச்சேவை கிடையாது. கட்டணம் எடையைப் பொறுத்தது என்பதால், இருப்புப் பட்டியலில் தலைப்பு, விலை, கழிவு ஆகியவற்றோடு ஒவ்வொரு நூலின் எடைக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள். பலர் இதை மறந்துவிட்டுத் தபாலில் நட்டப்படுகிறார்கள்.

அச்சிட்ட நூல்களுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் பெட்டிக்கும் கூரியருக்கும் கட்டும் வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. அதைச் செலவாகவே எழுத வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சையும் கறையானும் இலாபத்தைத் தின்றுவிடும் என்பதால் தரையைவிட்டு உயர்ந்த இரும்பு அலமாரி அவசியம். அலங்காரமான இணையதளத்துக்கு அவசரமில்லை.

முதலீடு 40,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அது சம்பா அறுவடைப் பணத்திலிருந்து வரட்டும். பின்னர் தேவைப்பட்டால், சிறுதொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் அடமானமின்றி 50,000 ரூபாய் வரை தரும் முத்ரா ‘சிசு’ கடன் இருக்கிறது. ஓராண்டு முடிவில் மாதம் 100 பிரதிகளாவது விற்காவிட்டால் கடையைப் பகுதிநேரமாக்கிவிட்டு வேலை தேடுவதாக மகள் இப்போதே எழுதித் தரட்டும். இந்தக் கணக்கை மைத்துனரிடம் காட்டி, எம்.பி.ஏ.வுக்கும் கட்டணம், வட்டி, எதிர்பார்க்கும் சம்பளம் என்று வரிவரியாக ஒரு கணக்கு எழுதித் தரும்படி கேளுங்கள்.