வேர்ப்பொடியும் பிரஷர் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

என் மாமனாருக்கு எழுபது வயது. பிரஷருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் தில்லி காரி பாவ்லி சந்தையில் சர்ப்பகந்தா வேர்ப்பொடி வாங்கிவந்து அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மாத்திரை வெறும் கெமிக்கல், முழு வேரில் பக்கவிளைவைச் சரிக்கட்டுகிற பொருளும் இருக்கும் என்கிறார். உண்மையா?

கே., துவாரகா

அன்புள்ள கே.,

பொடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். டாக்டர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

சர்ப்பகந்தா நிஜமாகவே பிரஷரைக் குறைக்கிற வேர், எனக்குப் பயமே அதனால்தான்: டாக்டர் மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷர் அளவுக்குமேல் இறங்கிவிடலாம். 1949இல் மும்பை இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்ற இதயநோய் இதழில் எழுதினார், 1952இல் சுவிட்சர்லாந்தில் இதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கிற, ரத்தக்குழாயை இறுக்குகிற நார்அட்ரினலினை ரெசர்பின் காலி செய்துவிடும், அதனால் ரத்தக்குழாய் தளர்ந்து பிரஷர் இறங்கும். கூடவே மனநிலையோடு தொடர்புள்ள செரடோனினும் டோபமினும் காலியாவதால் மனசும் சோர்ந்துபோகலாம். ரெசர்பின் மாத்திரையின் ஒருநாள் அளவே கால் மில்லிகிராமுக்குள்தான், பொடியில் அதை யார் அளப்பது? வேர்ப்பட்டையில் அதிகம், உள்கட்டையில் குறைவு, பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும்.

சரிக்கட்டும் பொருள் என்கிறாரே, அந்த வேரில் இருக்கிற ரெசின்னமின் என்ற பொருளும் பிரஷரைத்தான் குறைக்கும். இன்னொன்று அஜ்மலின், இதயத்துடிப்பின் சீரையே மாற்றக்கூடியது. அதை 1931இல் பிரித்தெடுத்தவர் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திகி, அதுவும் நம் கரோல் பாக் திப்பியா கல்லூரியில். கல்லூரியை நிறுவிய யுனானி வைத்தியர் ஹகீம் அஜ்மல் கானின் பெயரையே அதற்கு வைத்தார், நாம் துணி எடுக்கப் போகிற அஜ்மல் கான் ரோடும் அவர் பெயர்தான். நாட்டு மருத்துவத்தில் ஊறிய அந்த ஹகீமே வேருக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டவர். இதை உங்கள் மாமனாரிடம் அவசியம் சொல்லுங்கள்.

என் பெரியம்மா இதே பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டார், கசப்பு அப்படி. அளவு அடுக்களை ஸ்பூன்தான், ஒருநாள் குவித்து, ஒருநாள் தட்டி. இரண்டே மாதத்தில் எந்நேரமும் மூக்கடைப்பு, தில்லிக் குளிர் என்று நினைத்தோம். அப்புறம் பேச்சு குறைந்தது. காலையில் வந்த பேப்பர் சாயங்காலம் வரை மடிப்புக் கலையாமல் கிடக்கும். வயதாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம், அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. பொடியை நிறுத்தியும் தெளிய வாரக்கணக்காயிற்று, இந்த மருந்து உடம்பைவிட்டு அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

அதனால் மீதிப் பொடியைத் தூக்கிப் போடாமல் பொட்டலத்தோடு டாக்டரிடம் எடுத்துப் போங்கள், எத்தனை நாளாக, எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். உட்கார்ந்து எழும்போது தலை சுற்றுகிறதா, மூக்கு அடைக்கிறதா என்று இன்றைக்கே அவரிடம் கேட்டுவிடுங்கள்.