கூபே காரோட கூரையை வெட்டி கன்வெர்ட்டிபிள் ஆக்கிட்டேன், ஆர்டிஓ நோட்டீஸ் வந்திருக்கு, என்ன பண்றது?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். லோன் போட்டு செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு டோர் ஜெர்மன் கூபே ஒண்ணு வாங்கியிருக்கார், அப்புறம் ஒரு கராஜ்ல 9 லட்சம் குடுத்து மேல்கூரையை அறுத்து துணி டாப் போட்டிருக்கார். "ஆர்டிஓ எல்லாம் நாங்க பாத்துக்கறோம் ப்ரோ"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பினவங்க இப்ப போனே எடுக்கறதில்லயாம். டோர் சரியா மூடல, மழை பெஞ்சா சீட்டெல்லாம் தண்ணி. செக்கிங்ல மாட்டி, ஆர்சியை ஏன் சஸ்பெண்ட் பண்ணக்கூடாதுன்னு நோட்டீஸும் வந்தாச்சு. மஹிந்திரா தார் ஜீப் மட்டும் துணி டாப்போட ஓடுதே, எனக்கு மட்டும் என்ன சட்டம்னு கேக்கறார்.

தம்பி, மொதல்ல வண்டியை ரோட்டுல எடுக்கறத நிறுத்துங்க. டோர் ஏன் மூடலன்னு யோசிச்சீங்களா? உங்க கார்ல தனியா சேஸிஸ், அதாவது பாரம் தாங்கற அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் சேஸிஸ், அதுல கூரையும் பாரம் தாங்கற ஒரு பாகம். அதை அறுத்தா வண்டி நடுவுல தொய்யும், டோர் ஃப்ரேம் கோணலாகும். கம்பெனியே கன்வெர்ட்டிபிள் பண்ணும்போது அடிப்பக்கம், கண்ணாடி ஓர பில்லர் எல்லாத்தையும் தனியா கனப்படுத்தித்தான் பண்ணுவாங்க. தார் லேடர் சேஸிஸ், அதாவது ஏணி மாதிரி தனிச் சட்டம், அது மேல பாடி உக்கார்ற வண்டி, 2020 மாடல்ல கன்வெர்ட்டிபிள் டாப் கம்பெனியே குடுத்து, அப்படியே அப்ரூவல் வாங்கி, அப்படியே ஆர்சியும் ஆச்சு. உங்க ஆர்சில அப்படி இல்ல, விஷயமே அங்கதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, கம்பெனி ஆரம்பத்துல குடுத்த விவரத்துக்கும் ஆர்சில இருக்கறதுக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி ஓனர் வண்டியை மாத்தக்கூடாது. இன்ஜின் மாத்தறது, சிஎன்ஜி கிட் போடறது, மாற்றுத்திறனாளிக்காக மாத்தறது மாதிரி சிலதுக்கு வழி இருக்கு, கூரை அறுக்கறதுக்கு இல்ல. கேரளால இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதனால "பின்னாடி பர்மிஷன் வாங்கித் தர்றேன்"னு எந்த புரோக்கர் வந்தாலும் காசு குடுத்துடாதீங்க, ஏற்கனவே ஒரு தடவை அப்படித்தான் ஏமாந்திருக்கீங்க.

இன்னொண்ணு கேட்டா கடுப்பாகும். 2019 திருத்தத்துல வந்த 182ஏ, நாலாவது உட்பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம் இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம். அது யார் மேலன்னா ஓனர் மேல. அறுத்த மெக்கானிக்கை அந்த உட்பிரிவு நேரா தொடல.

நோட்டீஸுக்கு கண்டிப்பா எழுத்துல பதில் குடுங்க, சும்மா விட்டுடாதீங்க. 53ஆவது பிரிவுப்படி சஸ்பெண்ட் பண்றதுக்கு முன்னாடி உங்க பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு குடுக்கணும், அதுதான் இந்த நோட்டீஸ். வண்டியை நிறுத்தியாச்சு, பழைய நிலைக்குக் கொண்டு வர அவகாசம் வேணும்னு கேளுங்க. "நான் எதையும் மாத்தல, வாங்கும்போதே இப்படித்தான்"னு மட்டும் எழுதிடாதீங்க. போட்டோ எல்லாம் இன்ஸ்டாலயே இருக்கு, நான் பாத்தேன். சஸ்பென்ஷன் ஆறு மாசம் தொடர்ந்து நீடிச்சா 54ஆவது பிரிவுல ஆர்சியையே கேன்சல் பண்ண முடியும், அதனால இழுத்தடிக்க வேணாம்.

ஆனா அவசரப்பட்டு நாளைக்கே கூரையை வெல்ட் பண்ணவும் போயிடாதீங்க!! இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. இப்ப வண்டி இருக்கற நிலைதான் கராஜ்காரன் மேல உங்களுக்கு இருக்கற சாட்சி. லைசென்ஸ் வெச்சிருக்கற ஒரு இன்சூரன்ஸ் சர்வேயரைக் கூப்பிட்டு டோர் இடைவெளி, வெல்டிங், தண்ணி ஒழுகறது எல்லாத்தையும் போட்டோவோட ரிப்போர்ட்டா வாங்கிக்கோங்க, அப்புறம் வக்கீல் நோட்டீஸ், அதுக்கும் பதில் வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். குடுத்த தொகை 50 லட்சத்துக்குள்ள இருக்கறதால அங்கயே போடலாம், 9 லட்சத்துக்கு ஃபீஸ் வெறும் 200 ரூபா, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். அந்த வாய்ஸ் நோட்டை அழிச்சுடாதீங்க, போனையும் மாத்தாதீங்க, கோர்ட்ல அதைக் காட்டணும்னா புது சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவுப்படி சர்டிபிகேட் சேர்த்துத்தான் தாக்கல் பண்ணணும், அதை உங்க வக்கீல் பாத்துக்குவார்.

முழு 9 லட்சமும் திரும்ப வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். அவங்க வக்கீல் எந்திரிச்ச உடனே "சட்டவிரோதமான வேலைன்னு தெரிஞ்சே பண்ணச் சொன்னார், ஒப்பந்தமே செல்லாது"ன்னுதான் ஆரம்பிப்பார். ஆர்டிஓவை நாங்க பாத்துக்கறோம்னு நம்ப வெச்சாங்க, செஞ்ச வேலையும் மட்டம்ங்கறது நம்ம பதில். நீங்களும் கொஞ்சம் விசாரிச்சிருக்கலாமேன்னு ஆணையம் கேட்டா என்கிட்ட பதில் இல்ல, தொகையை அதுக்காகக் குறைச்சாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்சூரன்ஸ் பத்தி நீங்க கேக்கவே இல்ல, ஆனா எனக்கு பயமே அதுலதான். மாத்தினதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாததால உங்க வண்டி சேதத்துக்கு க்ளெய்ம் போட்டா தள்ளிவிட நல்ல காரணம் அவங்க கையில இருக்கு. வேற யாருக்காவது அடிபட்டு, இன்சூரன்ஸ் கம்பெனி அவங்களுக்குக் குடுத்த நஷ்டஈட்டை உங்ககிட்ட வசூல் பண்ண கேஸ் நடத்தினா வீடு வாசல் தாங்காது. பேங்க்கும் சும்மா இருக்காது, லோன் அக்ரிமென்ட்ல வண்டியை மாத்தக்கூடாதுன்னு ஒரு வரி அநேகமா இருக்கும், எடுத்துப் படிங்க.

சர்வேயர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும், கம்பெனியோட அங்கீகரிச்ச பாடி ஷாப்ல கூரையைத் திரும்பப் போட முடியுமான்னு எழுத்துல கேளுங்க. முடியும்னா பண்ணி பில்லோட பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட வண்டியைக் காட்டணும், அந்தச் செலவையும் நுகர்வோர் புகார்ல சேத்துடலாம். முடியாதுன்னு சொல்லிட்டா அந்த லெட்டரையும் பத்திரமா வெச்சுட்டு, லோனுக்கு ஒரு வழி பண்ணி, பார்ட்ஸா விக்கறதுதான் மிச்சம். முழு வண்டியா விஷயத்தை மறைச்சு யார் தலையிலயாவது கட்டினா அடுத்த வக்கீல் நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்.