படுக்கையும் பயிற்சியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீடற்ற இளைஞர்களுக்கான தங்குமிடங்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஆடி மாதத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் வேலை கேட்டு வந்தான். தையல்காரருக்குக் கைமடிக்கும் உதவியாளாகச் சேர்த்துக்கொண்டு, ஓவர்லாக் தையல் இயந்திரம் ஓட்டவும் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். கை நன்றாகவே பழகியது. ஆனால் மதியத்துக்கு மேல் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவான். இரண்டு முறை கண்டித்தேன். பதினாறாம் நாள் அவன் வரவில்லை. அந்த வாரக் கூலியையும் வாங்கவில்லை. பேருந்து நிலையத்தில் படுத்துவந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவனுடைய மாற்றுச் சட்டை இன்னும் எங்கள் கம்பெனி ஆணியில் தொங்குகிறது. நாங்களும் தொழில் சொல்லித் தருகிறோம், அரசும் இலவசப் பயிற்சி தருகிறது. முன்னேறும் எண்ணம் அவர்களுக்கே இல்லாதபோது தங்குமிடம் நடத்தி என்ன பயன்? குறை சொல்லக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

வாசகர்,
திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

மதியத்துக்கு மேல் தூங்கி விழுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். பேருந்து நிலையத்தில் படுப்பவனுக்குக் கடைசி வண்டி போய்க் கூட்டம் அடங்கிய பிறகுதான் கால் நீட்ட இடம் கிடைக்கும். அதற்குள் நள்ளிரவு கடந்துவிடும். விடியுமுன் தரை கழுவ வருபவர்கள் எழுப்புவார்கள். இடையில் ரோந்துக் காவலர் தடியால் தட்டி ஊரும் பேரும் கேட்பார். செருப்பைத் தலைக்குக் கீழே வைத்து, பையைக் கையில் சுற்றிக்கொண்டு படுப்பவனுடைய தூக்கம் அரைத் தூக்கம்தான். காலையில் கட்டணக் கழிப்பறையில் குளித்து, சட்டையைத் துவைத்தால் காயப்போட இடமில்லாமல், ஈரத்தோடோ அழுக்கோடோதான் அவன் உங்கள் வாசலுக்கு வந்திருப்பான். மாற்றுச் சட்டையை உங்கள் ஆணியில் மாட்டியதற்கு, அவனுக்கிருந்த ஒரே பத்திரமான இடம் அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அந்த நிலையிலும் 15 நாள் வந்து, கையும் பழகியிருக்கிறது என்றால், முன்னேறும் எண்ணம் அவனுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சில ஆண்டுகளாகச் சென்னையில் இளைஞர்களுக்கான தங்குமிடம் ஒன்றுக்கு வாரம் ஒரு மாலை போய், விண்ணப்பங்கள் எழுதித் தருகிறேன். அங்கே சேர்பவர்கள் முதல் நாளில் சாப்பாடு கேட்பார்கள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பலர் கேட்டது பூட்டுடன் கூடிய பெட்டி. ஒரு பையன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் பாலிதீன் உறையில் மடித்து இடுப்பில் கட்டியபடி ஒரு வருடம் நடைபாதையில் படுத்திருந்தான். ஒரே மழையில் இரண்டும் கூழாகிவிட்டன. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் பயிற்சியில் சேர அவனுக்கு ஆசை இருந்தது, பயிற்சியும் இலவசம்தான். ஆனால் சேர்வதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழின் நகலைப் பெற விண்ணப்பமும் அலைச்சலும் வேண்டும். விண்ணப்பத்தில் முகவரி எழுத வேண்டும். அந்த முகவரிக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லாமல்தான் அவன் ஒரு வருடமாக நின்றிருந்தான். தங்குமிடம் அவனுக்கு முதலில் தந்தது அந்த ஒரு வரியை.

தங்குமிடம் எதற்கு என்பதைச் சட்டமும் திட்டமும் ஓரளவு சரியாகவே வகுத்திருக்கின்றன. உணவு உரிமை வழக்கின் தொடர்ச்சியாக 2010இல் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் வேண்டும் என்றது. அந்த 24 மணி நேரம் என்பது முக்கியமானது. கோயம்பேட்டில் இரவெல்லாம் மூட்டை இறக்கும் பையனுக்குப் பகலில்தான் படுக்கை தேவை. மாலை திறந்து காலையில் பூட்டுகிற இடத்தால் அவனுக்குப் பயனில்லை. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஒருவருக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்று வரையறுத்ததோடு, தங்குபவர்களுக்கு அடையாள அட்டை, அஞ்சல் முகவரி, ரேஷன், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு வழிசெய்வதும் அதன் வேலை என்றது. அதே இயக்கத்தின் இன்னொரு கிளையாகத் திறன் பயிற்சியும் வேலைவாய்ப்பும் இருந்தன. இரண்டும் ஒரே திட்டத்தின் இரண்டு கைகள். ஆனால் நான் பார்த்தவரை, படுக்கைக்கு ஒரு கோப்பு, பயிற்சிக்கு வேறொரு கோப்பு. இரண்டையும் ஒரே பையனின் பெயரில் சேர்த்துப் பிடிக்கும் ஆள் இருக்கும் இடங்களில்தான் பிள்ளைகள் தேறி வருகிறார்கள். நான் போகும் இடத்தில் அந்த ஆள் காப்பாளர்.

மேலே சொன்ன பையன் பயிற்சியை முடித்து, அம்பத்தூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தான். எல்லோரும் கைகுலுக்கி அவனை அனுப்பிவைக்கத் தயாரானோம். காப்பாளர் மட்டும் அனுப்ப மறுத்துவிட்டார். வேலையில் சேர்ந்தது மாதத்தின் மூன்றாம் நாள், சம்பளம் வருவது அடுத்த மாதம் ஏழாம் தேதி. இடையில் ஐந்து வாரம் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அவன் என்ன செய்வான்? சம்பளம் வந்த பிறகும் அறை எடுக்க அட்வான்ஸ் வேண்டும். 2017ஆம் ஆண்டுத் தமிழக வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று சொன்னாலும், சென்னையில் அதற்கு மேல் கேட்பவர்களே அதிகம். “வேலை கிடைத்த அன்று வெளியே அனுப்பினால் பத்தாம் நாள் பழைய நடைபாதையில்தான் இருப்பான்” என்றார். அதற்கு முன் இருவர் அப்படித் திரும்பிப் போனதை அவர் பார்த்திருக்கிறார். மூன்று மாதம் அங்கேயே தங்கிச் சம்பளத்தைச் சேமித்தபின், அதே தங்குமிடத்திலிருந்து வேலைக்குப் போன வேறு மூவருடன் சேர்ந்து அவன் ஓர் அறை எடுத்தான். பயிற்சியின் கடைசி நாளுக்கும் கையில் பணம் நிற்கத் தொடங்கும் நாளுக்கும் இடையிலான அந்தக் காலம்தான், நண்பரே, பெரும்பாலான திட்டங்கள் கைவிடுகிற காலம். பயிற்சி முடித்தவர்களின் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்து அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து 18 வயதில் வெளியே வருபவர்களின் நிலை இன்னும் கடுமையானது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, அப்படி வெளியேறுபவருக்கு நிதியுதவி ‘வழங்கலாம்’ என்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. விதிகள் 21 வயது வரையிலும், சிறப்பு நேர்வுகளில் அதற்குப் பின் மேலும் இரண்டு ஆண்டுகளும் கவனிப்புக்கு இடம் தருகின்றன. குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4000 ரூபாய் என்று தொகையும் வகுத்திருக்கிறது. இத்தனை இருந்தும், தனக்கு இப்படியொரு வழி இருக்கிறது என்பதே தெரியாமல் வந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளை 18 வயதில் வேலையை விட்டுவிட்டால் வீட்டுக்குத்தான் வருவான். திரும்பி வர வீடில்லாதவனிடம் மட்டும் முதல் முயற்சியிலேயே நிற்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் வீடற்றவர்கள் என்று பதிவானது. பிப்ரவரி 28 ஒரே இரவில் திறந்தவெளியில் கண்ணில் பட்டவர்களின் கணக்கு அது. இளம்பெண்கள் கண்ணில் படும் இடத்தில் படுப்பதில்லை. ஆகவே உண்மையான தேவை அந்தக் கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பிரான்ஸில் இளம் தொழிலாளர்களுக்கென்று இருந்த விடுதி முறையைப் பார்த்து, 1992இல் பிரிட்டன் ‘ஃபோயர்’ என்ற பெயரிலேயே அத்தகைய விடுதிகளைத் தொடங்கியது. தங்கும் இடமும் பயிற்சியும் ஒரே உடன்பாட்டின் இரு பக்கங்களாக அங்கே எழுதப்படுகின்றன. இணைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வராவிட்டால் படுக்கை இல்லை என்ற நிபந்தனையை முதல் சில மாதங்களுக்காவது வைக்கக் கூடாது. நிபந்தனை வைக்காமல் முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பேசும் முறையை 2008 முதல் தேசிய அளவில் கடைப்பிடித்த பின்லாந்தில் வீடற்றோர் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. பல மாதம் சரியாகத் தூங்காதவன் முதல் இரண்டு வாரம் தூங்கட்டும். நான் பார்த்த பையன்களில் பெரும்பாலோர் மூன்றாவது வாரத்தில் தாங்களாகவே வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

இனி உங்களிடம் ஒருவன் வந்தால், முதலில் இரவில் எங்கே தங்குகிறான் என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். மற்றவர்கள் முன்னிலையில் கேட்டால் உண்மையைச் சொல்லமாட்டான். முதல் இரண்டு வாரக் கூலியை அன்றன்றே கொடுங்கள். நிறுவனத் தாளில் வேலைச் சான்றுக் கடிதம் ஒன்று தாருங்கள். உங்கள் மாநகராட்சி அலுவலகத்தில் வீடற்றோர் தங்குமிடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அதன் காப்பாளரின் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆணியில் தொங்கும் சட்டை அங்கேயே இருக்கட்டும்; அந்த வாரக் கூலியையும் உறையிலிட்டு அவன் பெயரை எழுதி வையுங்கள். அவன் திரும்பி வந்தால், என்னென்ன சான்றிதழ்கள் கையில் இருக்கின்றன என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள். இல்லாதவற்றுக்கான விண்ணப்பங்களை நான் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்