ஓடைக்கரை வீட்டுக்குப் பைல் போதுமா?

கேள்வி: ஐயா, திருமங்கலம் பக்கம் ஓடைச் சரிவில், கரிசல் மண்ணில் வீடு கட்டி 4 வருடம் ஆகிறது. ஓடைப் பக்கச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அஸ்திவாரத்தை ஒட்டி 10 அடிக்குப் பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) இறக்கினால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். நம்பலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்து, நடுவில் உள்ள தூரத்தை மாதாமாதம் அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். கரிசல் கோடையில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். அதனால் வந்த விரிசல் என்றால் மழைக்குக் கொஞ்சமாவது மூடும். மழையிலும் அகலமாகிக்கொண்டே போனால், சரிவே நகர்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவே நடந்து பாருங்கள். தாறுமாறான கோடை வெடிப்பைச் சொல்லவில்லை. வில் மாதிரி வளைந்து ஓடி, கீழ்ப்பக்கம் ஒரு படி இறங்கிய வெடிப்பு இருக்கிறதா?

கொத்தனார் சொல்வது அநேகமாக அண்டர்ரீம்டு பைல். தண்டு 30 செ.மீ. என்றால் அடியில் குமிழ் 75 செ.மீ. மண் உப்பி வீட்டைத் தூக்காமல் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும். கரிசலுக்கு அருமையான சாமான்தான். ஆனால் சரிவு பக்கவாட்டில் அல்லவா தள்ளுகிறது!

வேலைக்கு வந்த புதிதில், உசிலம்பட்டி பக்கம் ஒரு கிட்டங்கிக்கு 12 அடியில் 9 பைல் இறக்கினேன். இரண்டாவது மழைக்கு ஒன்பதும் வரிசை குலையாமல் ஓடையைப் பார்த்துச் சாய்ந்துவிட்டன. தோண்டினால், 15 அடியில் மெழுகு பூசியது போல் பளபளவென்று ஒரு களிமண் பட்டை. கை வைத்தால் சோப்பாய் வழுக்கியது. மேலே இருந்த மண் அதன்மேல்தான் சறுக்கியிருக்கிறது. என் பைல்களும் கூடவே போய்விட்டன.

சரிவைப் பிடிக்கும் பைல் அந்தப் பட்டையைத் தாண்டி, கீழே கெட்டியான தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். வளைவைத் தாங்கத் தடிமனும் கம்பியும் கூடுதலாக வேண்டும். ரொம்பத் தள்ளித் தள்ளிப் போட்டால் நடுவில் மண் பிதுங்கி வந்துவிடும்.

அப்புறம், குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது? ஓடைப் பக்கம் என்றால் இன்றைக்கே குழாய் போட்டு வேறு பக்கம் திருப்புங்கள். சரிவின் அடியில் மண் அள்ளவும் விடாதீர்கள்.

10 அடி என்ற கணக்கு எப்படி வந்தது என்று கொத்தனாரிடம் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் கிணறு வெட்டியவர்களிடம் எத்தனை அடியில் சுக்கான் என்ற கெட்டித் தரை தட்டியது என்று விசாரித்தால் ஓரளவு பிடிபடும். மீதிக்குத் துளை போட்டு மண் பரிசோதனை செய்யாமல் முடியாது.